கொட்டேஷனில் கன அளவு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டைப் பெரிதாக்க முன்பணம் வாங்கிய குத்தகையாளர் பாதியில் விட்டுப் போய்விட்டார் என்று வாசகர்கள் தங்கள் நாளிதழுக்கு அவ்வப்போது எழுதுவதைப் படிக்கிறேன். நான் சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆள் இல்லாத நேரத்தில் கல்லாவிலும் நிற்பேன். 2008 ஜூனில் சிமெண்டுக்கு இருந்த விலைக்கட்டுப்பாட்டை அரசாங்கம் நீக்கியதே, அதற்கும் முன்பிருந்து எனக்கு இதே நாற்காலிதான். வாசகர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஏமாற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் எங்கள் கடைக்கும் கடன் வைத்திருக்கிறார்கள். ஆனால் என் கண்ணெதிரே நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை ஏமாற்றில் ஆரம்பித்தவை அல்ல. எவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்று இரண்டு தரப்பும் எண்ணிப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியதில் ஆரம்பித்தவை.

எங்கள் கடையில் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு வகையான வாடிக்கையாளர் வருவார். மோட்டார் சைக்கிளை அணைக்காமலே உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, நாலு மூட்டை சிமெண்டு, அவசரம்க்கா, அங்க மிக்சர் ஓடிக்கிட்டு இருக்கு" என்பார். லோரி அப்போதுதான் வேறு பக்கம் போயிருக்கும். வேனுக்கு ஆள் தேடி, நாலு மூட்டை போய்ச் சேர்வதற்குள் காலையில் ஊற்றிய பாதித் தரை இறுகத் தொடங்கிவிடும். அதன் ஓரத்தில் புதுக் கலவையைக் கொட்டினால் இரண்டும் ஒன்றாகப் பிடிக்காது. தரையில் அப்படி ஒரு கோடு விழுந்தால் வருடம் முழுவதும் ஈரம் ஏறும். மொட்டை மாடியில் விழுந்தால் மழைக்கு மழை ஒழுகும். பிறகு அந்த ஒழுக்கை அடைக்க எங்களிடமே வந்து விலை அதிகமான பூச்சு டின்னை வாங்குவார்கள். கடைக்கு வியாபாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துத் தாமானில் இருக்கிற ஓர் அம்மா. கணவர் தோட்டத்தில் வேலை செய்தவர், இப்போது இல்லை. ஊழியர் சேமநிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததைக் கொண்டு பின்பக்கம் சமையலறையை நீட்டினார். சாமான் அம்மாவுடையது, கூலி மட்டும் துக்காங்குக்கு, அதாவது கட்டட வேலைக்காரருக்கு, என்று பேச்சு. "பன்னிரண்டு மூட்டை சிமெண்டு போதும்னு சொன்னான் தங்கச்சி, இப்போ முப்பதுக்கு மேல கேக்குறான். எங்கயோ கொண்டுபோய் விக்கிறான்" என்று கடையில் வந்து கண்ணீர் விட்டார். துக்காங்கும் பின்னாலேயே வந்தார். "நான் ஏன்க்கா திருடுறேன், அடியில போற கான்கிரீட்ட இவங்க கணக்குலயே சேக்க மாட்டேங்குறாங்க" என்று அவருக்கும் கோபம். இரண்டு பேரையும் உட்கார வைத்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதப் போகிறேன். துக்காங் முதலில் சொன்ன பன்னிரண்டு, தரைக்கு மட்டும் சரியான எண். அஸ்திவாரம், தூண், உத்திரம் எதையும் அவர் அதில் சேர்க்கவில்லை. அம்மாவும் தரையை மட்டுமே கண்ணால் பார்த்துப் பேசியிருக்கிறார். யாரும் திருடவில்லை. ஆனாலும் வார்த்தை தடித்துப் போயிருந்தது, வேலையை வேறொருவர்தான் முடித்தார்.

இனி கணக்கு. 20 அடி அகலம், 10 அடி நீளம் உள்ள சமையலறை என்று வையுங்கள். நமது வரிசை வீடுகளின் பின்பக்கத்தில் பெரும்பாலும் கிடைப்பது இவ்வளவுதான். தரை 4 அங்குலம் கனம், அதாவது தடிமன். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 200 சதுர அடி. அதை 4ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் கன அடி வரும். ஏறக்குறைய 67 கன அடி. ஆரம்பப் பள்ளிக் கணிதப் புத்தகத்திலேயே வரும் கனச்செவ்வகம்தான் இது. பிள்ளையைக் கூப்பிட்டுப் போடச் சொன்னால் நம்மைவிட வேகமாகப் போடும்.

அடுத்து மண்ணுக்குள் போவது. நான்கு மூலைக்கும் தூண் அடித்தளம், ஒவ்வொன்றும் 3 அடிக்கு 3 அடி, ஓர் அடி கனம். ஒன்றுக்கு 9 கன அடி, நான்குக்கு 36. தரைமட்ட உத்திரம் இரண்டு பக்கமும் பின்பக்கமும் சேர்த்து 40 அடி ஓடும். 9 அங்குல அகலம், ஓர் அடி ஆழம் என்றால் 30 கன அடி. 9 அங்குலத்துக்கு 9 அங்குலமாக நான்கு தூண், 10 அடி உயரம். அது ஏறக்குறைய 22 கன அடி. மேலே கூரையைத் தாங்கும் உத்திரம் அதே 40 அடி, இன்னும் ஒரு 30. மொத்தமாகக் கூட்டினால் 185 கன அடி. நாம் கண்ணால் பார்த்துப் பேரம் பேசுகிற தரை அதில் 67 மட்டும். மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதி எல்லாம் மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மறைந்துவிடும்.

இந்த அளவுகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் மண் சேறா செம்மண்ணா, மேலே மாடி வருமா என்பதைப் பார்த்து இஞ்சினியர் வரைபடத்தில் போட்டுக் கொடுத்த அளவுதான் உங்களுக்குச் செல்லும். பழைய ஈயச்சுரங்கக் குட்டை நிலத்திலும் சதுப்பிலும் கட்டுகிறவர்கள் நான் சொன்ன 3 அடியை நம்பி இறங்க வேண்டாம். தூணும் உத்திரமும் சந்திக்கிற இடத்தை இரண்டு முறை எண்ணிவிட்டேன் என்று யாராவது கேட்டால், ஆமாம், ஒரு சந்திப்புக்கு ஒரு வாளி கான்கிரீட் அதிகம் வரும். அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. உள்ளே போகும் இரும்பு அடைக்கும் இடத்தையும் கழிக்க வேண்டாம். நூற்றில் ஒன்று இரண்டுதான் அது.

மேலே நூற்றுக்கு 10 கூட்டிக்கொள்ளுங்கள். 185 என்பது 204 ஆகும். சிந்துவது, பலகை இடுக்கில் ஒழுகுவது, மிக்சரில் ஒட்டியது எல்லாம் இதற்குள் அடங்கும்.

இதை மூட்டையாக்க நான் கடையில் வைத்திருக்கும் வழி சுலபமானது. ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலக் கல் என்று கையால் கலக்கும் வழக்கமான கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை கன அடி கான்கிரீட் கிடைக்கும். ஆக மொத்தக் கன அடியை ஐந்தரையால் வகுத்தால் மூட்டை. 204ஐ வகுத்தால் 37. தரையை மட்டும் வகுத்தால் 12. அந்த அம்மாவும் துக்காங்கும் அடித்துக்கொண்ட இரண்டு எண்ணும் இதில் வந்துவிட்டன பாருங்கள். செங்கல் கட்டவும் சுவர் பூசவும் ஆகிற சிமெண்டு இதில் சேராது, அது தனிக் கணக்கு.

ஆனால் எல்லா எண்ணையும்விட நான் அஞ்சுவது கனத்தின் எண்ணுக்குத்தான். நீளத்தையும் அகலத்தையும் யாரும் தப்பாக அளப்பதில்லை, சுவர் இருக்கிறது, டேப் இருக்கிறது. கனத்தை யாரும் அளப்பதே இல்லை. அதே 200 சதுர அடியில் ஓர் அங்குலம் கூடினால் 17 கன அடி, மூன்று மூட்டை. தரைக்கு அடியில் கிரஷர் ரன் என்கிற உடைகல்லும் தூளும் கொட்டி இறுக இடிக்கும்போது நடுவில் ஓர் அங்குலம் பள்ளமாக விட்டுவிட்டால் அந்தப் பள்ளம் முழுவதையும் நிரப்புவது உங்கள் சிமெண்டு. கிரஷர் ரன் மலிவு, கான்கிரீட் அப்படியில்லை. அதனால் அடித்தளத்தை மட்டமாக இடிக்கச் சொல்வதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓரத்தில் பலகைக்குப் பக்கத்தில் அளந்தால் 4 அங்குலம் சரியாக இருக்கும், நடுவில் மேடாக விட்டிருப்பார்கள், அங்கே இரண்டரைதான் இருக்கும். எல்லாரும் வேண்டுமென்றே செய்வதாகச் சொல்ல மாட்டேன். சிலர் செய்கிறார்கள். கண்டுபிடிக்க இஞ்சினியர் தேவையில்லை. ஊற்றுவதற்கு முதல்நாள் சாயங்காலம் பலகையின் மேல்விளிம்பிலிருந்து எதிர்ப்பலகையின் மேல்விளிம்பு வரை நூலை இறுக்கிப் பிடித்து, நூலிலிருந்து கீழே டேப்பை விட்டுப் பாருங்கள். குறுக்கே மூன்று இடம், நீளத்தில் மூன்று இடம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். வந்த அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அதுதான் உண்மையான கனம். அந்த எண்ணை வைத்துத்தான் மூட்டையோ, ஆலையில் கலந்து லோரியில் வரும் ரெடிமிக்ஸோ சொல்ல வேண்டும், வரைபடத்தில் போட்டிருக்கும் 4ஐ வைத்து அல்ல. பி.ஆர்.சி. கம்பி வலையைத் தரையில் அப்படியே படுக்க விடாமல் சிமெண்டுக் கட்டைகளை அடியில் வைத்துத் தூக்கியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டிக் கிடக்கிற வலைக்கு நீங்கள் கொடுத்த காசு வீண்.

அஸ்திவாரக் குழியிலும் இதே கதைதான். 3 அடி என்று வரைபடம் சொல்லும். வெட்டுகிறவர் நின்று குனிய இடம் வேண்டும் என்று மூன்றரை அடி வெட்டுவார். பலகை அடைக்காமல் அப்படியே ஊற்றினால் 9 கன அடி பன்னிரண்டேகால் ஆகிவிடும். நான்கு குழிக்குச் சேர்த்து 13 கன அடி, இரண்டு மூட்டைக்கு மேல், மண்ணோடு மண்ணாக. குழி வெட்டியதும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

நம் ஆட்களுக்கு இதெல்லாம் ஏன் புதிதாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். என் பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். லயத்து வீடு கம்பெனி கட்டியது. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும், ஆள் வந்தால் உண்டு. தரை எத்தனை அங்குலம் என்று கேட்கும் நிலைமையே நமக்கு வரவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, மக்கள் மலிவு விலை வீடுகளுக்கு வெளியேறிய பிறகுதான் நமக்குச் சொந்தமாக ஒரு சுவர் வந்தது. அதே மனிதர்கள் பால் நிறுக்கிற இடத்தில் எப்படி நின்றார்கள் தெரியுமா? அரை கிலோ குறைத்து எழுதினால் விட மாட்டார்கள். டி.ஆர்.சி., அதாவது பாலில் உள்ள காய்ந்த ரப்பர், எத்தனை விழுக்காடு போட்டான், அதை அளக்கும் மெட்ரோலாக்கை எப்படிப் பிடித்துப் பார்த்தான் என்று தோட்டக் கணக்கரான கிராணியோடு சண்டைக்கு நிற்பார்கள். அவ்வளவு கணக்காக இருந்தவர்களின் பிள்ளைகள் பதினெட்டாயிரம் வெள்ளி வேலைக்கு, "மொத்தம் எவ்வளவு? ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கக் கூடாதா?" என்ற இரண்டு கேள்வியோடு கையெழுத்துப் போடுகிறார்கள். குத்தகையாளரும் இரண்டாயிரத்தைக் குறைக்கிறார். எங்கே குறைப்பார்? கொட்டேஷனில், அதாவது அவர் கொடுத்த விலைத்தாளில், கனம் எழுதப்படவில்லை, கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் கிரேட் எழுதப்படவில்லை. அங்கேதான்.

மணலையும் கல்லையும் பற்றி ஒரு வார்த்தை. 204 கன அடி கான்கிரீட்டுக்கு 204 கன அடிச் சாமான் வாங்கினால் பற்றாது. பொரி மூட்டையில் கடுகைக் கொட்டியது போல, கல்லின் இடுக்கில் மணல் இறங்கும், மணலின் இடுக்கில் சிமெண்டு இறங்கும். காய்ந்த சாமான் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இருந்தால்தான் ஊற்றும்போது முழு அளவு வரும். கணக்கு எழுதுகிறவர்கள் 1.54 என்ற எண்ணால் பெருக்குவார்கள். நமது சமையலறைக்கு அது மணல் இரண்டரைக் கன மீட்டர், கல் 5 கன மீட்டர் என்று வரும். எடையில் மணல் ஏறக்குறைய 4 டன், கல் ஏழரை டன். "ஒரு லோரி மணல்" என்று ஆர்டர் கொடுப்பவர்களிடம் எந்த லோரி என்று நான் திருப்பிக் கேட்பேன். சின்ன லோரியும் லோரிதான், பத்து டன் லோரியும் லோரிதான். இன்னொன்று, மணல் ஈரமாக இருந்தால் உப்பிக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் உள்ள மணல், காய்ந்த மணலைவிடக் கால்பங்கு வரை அதிக இடம் பிடிக்கும். ஆற்றிலிருந்து நேராக வந்து இறங்கும் குவியல் பார்க்கப் பெரிதாக இருக்கும், கலக்கும்போது வாளிக் கணக்கில் குறையும். மழைக்காலத்தில் மணலைக் கொஞ்சம் கூடவே சொல்லிவைப்பது நல்லது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு மூட்டைக்கு 25 லிட்டர், அவ்வளவுதான் கணக்கு. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கலவை இளகி ஓடினால் இழுத்துவிடச் சுலபம் என்று ரப்பர் குழாயைத் திறந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் அளவு கூடியது போல் தெரியும், காய்ந்த பிறகு மேலே மாவு மாவாக உதிரும். சிமெண்டு குறையும்போது தண்ணீரைக் கூட்டிச் சமாளிப்பது பழைய தந்திரம். மூட்டையைச் சரியாக எண்ணி வைத்திருந்தால் அந்த ஆசையே வராது.

ரெடிமிக்ஸ் எடுக்கிறவர்களுக்கு: ஆலை கன மீட்டரில் பேசும், நாம் அடியில் பேசுகிறோம். 35 கன அடி ஒரு கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். 204ஐ 35ஆல் வகுத்தால் 5.8, அதாவது 6 கன மீட்டர். ஆனால் சமையலறை வேலையில் அஸ்திவாரம் ஒரு நாள், உத்திரம் ஒரு நாள், தரை ஒரு நாள் என்று பிரிந்து நடப்பதால் ஆறும் ஒரே நாளில் தேவைப்படாது. குறைந்த அளவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதனால் இந்த மாதிரிச் சின்ன வேலைக்கு மிக்சரில் கலப்பதே பல நேரம் மலிவு. முழு வீடும் கட்டுகிறவர்களுக்கு, மாடித் தளம் ஊற்றுகிறவர்களுக்கு ரெடிமிக்ஸ்தான் சரி. கிரேட் 25 என்று வரைபடத்தில் இருந்தால், 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் கான்கிரீட் என்று பொருள். நம் வாளிக் கணக்கில் அதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது.

லோரி வந்ததும் முதலில் டி.ஓ. என்கிற சரக்குச் சீட்டை வாங்கிப் படியுங்கள். எத்தனை கன மீட்டர், எந்த கிரேட், எத்தனை மணிக்கு ஆலையில் கலந்தது என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். கேட்டதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் இருந்தால் கொட்டும் முன்பே சொல்லுங்கள். கொட்டிய பிறகு யாரும் அளக்க முடியாது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.4 டன். 6 கன மீட்டரோடு நிற்கிற லோரி, உங்கள் வீட்டு முன் கால்வாய் மூடியின் மேல் ஏறினால் மூடி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின்சந்துக்குள் நுழையுமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அரை கன மீட்டர் மீந்தால் எங்கே ஊற்றுவது என்று ஓர் இடத்தில் பலகை அடைத்து வைத்திருப்பது புத்திசாலித்தனம், குப்பைத்தொட்டி வைக்கிற மேடை, துணி காயப்போடுகிற இடம் மாதிரி. மீந்ததற்கு இடம் உண்டு. அரை கன மீட்டர் குறைந்தால்தான் ஆலை உடனே இன்னொரு லோரி அனுப்பாது.

தீபாவளிக்கு முன் சமையலறை முடிந்தாக வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் பயமுறுத்துகிற மாதிரிப் பேசுவேன், அது தெரிந்ததுதான். அக்டோபரில் நம் பேராக் பக்கம் சாயங்கால இடிமழை தப்பாது. ஊற்றுவதாக இருந்தால் காலையிலேயே ஊற்றி முடியுங்கள், மேலே போட கேன்வாஸ் தயாராக வையுங்கள். ஊற்றிய பிறகு ஒரு வாரம் சாக்கை நனைத்துப் போட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஊற்றிவிட்டு, மறுநாளே அதன்மேல் கேஸ் அடுப்பையும் முறுக்குப் பானையையும் ஏற்றுபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கோவில் நிர்வாகத்தினரும் இதைக் கொஞ்சம் கேட்க வேண்டும். மண்டபத் தரைக்கு உபயமாக ஐந்து மூட்டை, பத்து மூட்டை என்று பக்தர்கள் எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் மொத்தம் எத்தனை மூட்டை வேண்டும் என்று தெரியாமலேயே ரசீதுப் புத்தகம் அடித்துவிடுகிறார்கள். வாங்கிய மூட்டைகள் மடப்பள்ளிக்குப் பின்னால் மண்தரையில் மாதக் கணக்கில் கிடக்கின்றன. நம் ஊர் ஈரக்காற்றில் சிமெண்டு மூன்று மாதம் கிடந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும், அடி வரிசை கல்லாகியே விடும். 40 அடிக்கு 30 அடி மண்டபம், 5 அங்குலத் தரை என்றால் 500 கன அடி. நூற்றுக்கு பத்துக் கூட்டினால் 550, ஐந்தரையால் வகுத்தால் சரியாக 100 மூட்டை. முதல் கூட்டத்திலேயே இந்த எண்ணைப் பலகையில் எழுதிவைத்து, மூட்டைக்குப் பதில் பணமாக வாங்கி, ஊற்றும் வாரத்தில் சரக்கை இறக்குங்கள். எங்கள் கடை முதலாளி தவுக்கேயிடம் நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், கோவில் என்றால் சொன்ன நாளில் இறக்கித் தருவார்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது ஒன்றே. கொட்டேஷன் என்று நாம் கையெழுத்துப் போடுகிற தாளில் "சமையலறை நீட்டிப்பு, லம்சம்" என்று மொத்தத் தொகைக்கு ஒற்றை வரி இருக்கக் கூடாது. அஸ்திவாரம் இத்தனை கன மீட்டர், உத்திரம் இத்தனை, தூண் இத்தனை, தரை இத்தனை அங்குலக் கனத்தில் இத்தனை, கிரேட் என்ன, கலவை கையாலா ரெடிமிக்ஸா, கம்பி எந்த அளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். நல்ல குத்தகையாளருக்கு இது அரைமணி நேர வேலை. தர மாட்டேன் என்பவரிடம் வேலை கொடுப்பதா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள், நான் கொடுக்க மாட்டேன். அதிகாரபூர்வமான வழியும் இதற்கு ஒத்துப்போகிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி வீட்டை நீட்டுவதற்கு உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும், எங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். அனுமதிக்காக வரைபடம் போடத்தான் போகிறீர்கள், அந்த வரைபடத்திலேயே எல்லா அளவும் இருக்கும். அதை மடித்து அலமாரியில் வைக்காமல், பக்கத்தில் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பெருக்கிப் பாருங்கள். குத்தகையாளர் சி.ஐ.டி.பி. என்கிற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்றும் கேளுங்கள்.

வேலை கெட்டுப்போய்ப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்தத் தாள்தான் துணை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நாமே அங்கே கொண்டு போகலாம். போய் நின்றால் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்பார்கள். லம்சம் என்று ஒற்றை வரி எழுதிய தாளை நீட்டினால், 5 அங்குலம் பேசினார் 3 அங்குலம் போட்டார் என்பதை எதை வைத்துக் காட்டுவது?

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் சமையல் குறிப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். தரை, அஸ்திவாரம், உத்திரம், தூண் நான்குக்கும் அடிக்கணக்கில் அளவு போட்டால் கன மீட்டரும் மூட்டையும் தெரிகிற மாதிரி ஓர் அட்டவணையை அதில் ஒரு மூலையில் வெளியிட்டால் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். எண்களைச் சரிபார்க்கப் பதிவு பெற்ற இஞ்சினியர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கடைக்காரி மட்டுமே.

கடைசியாக, மீந்த மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று தினமும் கேட்கிறார்கள். தாள் கிழியாமல், நனையாமல், ஒரு வாரத்துக்குள் பில்லோடு கொண்டு வந்தால் எங்கள் கடையில் எடுத்துக்கொள்வோம். மற்றக் கடைகளில் வாங்கும் முன்பே கேட்டு, பில்லின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மணலையும் கல்லையும் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

இப்படிக்கு,
ஹார்ட்வேர் கடைக் கணக்கர், வாசகி
சுங்கை சிப்புட், பேராக்